ஓபன்சீயில் பாட் வைத்து ஏலம் கேட்பது: எப்படி அமைப்பது, எங்கே கை சுடும்?

வெள்ளாற்றுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓபன்சீ என்ற சந்தையில், எத்தீரியம் பிளாக்செயினில் உள்ள நான்கைந்து என்எஃப்டி (டிஜிட்டல் உடைமைச் சான்று) தொகுப்புகளில் சில மாதங்களாகக் கையாலேயே ஏலம் கேட்டு வருகிறேன். இரவு படுக்கப் போகும்போது என் பிட்தான், அதாவது நான் கேட்ட விலைதான், முதலிடத்தில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் சரியாக 0.0001 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) கூட்டிப் போட்டு வேறு யாரோ முன்னே நிற்கிறார்கள். நான் ஏற்றினால் அடுத்த நிமிடமே அவர்களும் ஏற்றுகிறார்கள். எதிரில் மனிதர் இல்லை என்பது புரிகிறது.

ஆகவே நானும் ஒரு பாட் (தானாக ஏலம் கேட்கும் நிரல்) எழுதலாம் என்று இருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு வரும். என் சந்தேகங்கள் இவை. ஓபன்சீயோடு நிரல் பேசுவதற்கான ஏபிஐ சாவி வாங்கினால் மட்டும் போதுமா? வாலட்டை (கிரிப்டோ பணப்பையை) நிரலிடம் எப்படி ஒப்படைப்பது? ஆறு தொகுப்புகளில் கேட்பதென்றால் பணத்தை ஆறாகப் பிரித்து வைக்க வேண்டுமா? டெலிகிராமில் ஆயத்த பாட்கள் விற்கிறார்கள், அவற்றில் ஒன்றை வாங்கிவிடுவது சுலபமா?

நெறியாளர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லிவிடுகிறேன். வாலட்டின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயையோ பன்னிரண்டு மீட்புச் சொற்களையோ கேட்கும் எந்த ஆயத்த பாட்டின் சுட்டியையும் இங்கே பகிரக் கூடாது. பகிர்ந்தால் பதிவு நீக்கப்படும். உங்கள் சார்பில் கையெழுத்திடுகிற நிரல் அது. அதன் மூலத்தை வரிவரியாகப் படிக்க முடியவில்லை என்றால் ஓட்டாதீர்கள். மற்றதை நண்பர்கள் பேசட்டும்.

பனங்காட்டு நரி எழுதியது:

வெள்ளாற்றுக்காரரே, பணத்திலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஓபன்சீயில் பிட் வைக்கும்போது பணம் எங்கேயும் போய் உட்காருவதில்லை. 2017இல் வந்த கிரிப்டோபங்க்ஸ் சந்தையில் அப்படி இருந்தது. ஒரு பங்க் படத்துக்கு ஏலம் கேட்டால் உங்கள் ஈதர் அந்த ஒப்பந்த நிரலுக்குள் (பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல்) முடங்கிவிடும். திரும்ப எடுக்கும் வரை வேறு எதற்கும் ஆகாது. ஒவ்வொரு அசைவுக்கும் கேஸ் என்ற பரிவர்த்தனைக் கட்டணம் வேறு. அந்த முறையில் நிமிடத்துக்கு நிமிடம் விலையை மாற்றும் பாட் யாருக்கும் கட்டுப்படியாகாது.

இப்போது நீங்கள் கொடுப்பது ஒரு கையொப்பம் மட்டும்தான். இந்தத் தொகுப்பில் எந்த ஒன்றைத் தந்தாலும் இவ்வளவு வெத் (டோக்கனாகக் கட்டிய ஈதர்) தருகிறேன், இன்ன நேரம் வரை இது செல்லும் என்ற வாக்குறுதி. அது பிளாக்செயின் சங்கிலியில் ஏறாது, ஓபன்சீயின் சர்வரில் கிடக்கும். விற்பவர் சம்மதித்தால் அவரே கேஸ் கட்டி அதைச் சங்கிலியில் ஏற்றுவார். அந்தக் கணத்தில்தான் சீபோர்ட் என்ற ஒப்பந்த நிரல் உங்கள் வாலட்டிலிருந்து பணத்தை இழுக்கும். பிட்டுக்கு ஈதர் செல்லாமல் வெத் கேட்பதற்கும் இதுவே காரணம். ஈதரை வெளி நிரல் எதுவும் உங்கள் வாலட்டிலிருந்து தானாக எடுக்க முடியாது. வெத் ஒரு டோக்கன் என்பதால் முன்கூட்டி அனுமதி கொடுத்து வைத்தால் எடுக்கலாம். ஒரு ஈதரைக் கட்டினால் ஒரு வெத், அவிழ்த்தால் மறுபடி ஒரு ஈதர், அவ்வளவுதான்.

ஆகவே பணத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. வாலட்டில் 2 வெத் இருந்தால் தலா 0.5 வீதம் ஆறு தொகுப்புகளில் கேட்கலாம். நான்கு பலித்தால் பணம் தீர்ந்துவிடும், மீதி இரண்டும் செல்லாமல் போகும். கேட்க வசதியாக இருக்கிறது அல்லவா? சாதாரண நாளில் ஒன்றுகூடப் பலிக்காது. சந்தை சரியும் நாளில் நான்கும் கால் மணி நேரத்தில் பலித்துவிடும். எல்லோரும் தப்பித்து ஓடும் வாசலில் நீங்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று பொருள். அதனால் அந்த வாலட்டில் உள்ள தொகையே உங்கள் நட்டத்தின் உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு காசும் அதில் வைக்காதீர்கள்.

அமைக்கும் வேலை இவ்வளவுதான். பாட்டுக்கென்றே புது வாலட் ஒன்று. ஏற்கெனவே வாங்கிய என்எஃப்டி எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஓபன்சீயில் ஏபிஐ சாவி. சங்கிலியோடு பேச அல்கெமி, இன்ஃபூரா போன்ற ஒரு சேவையின் இணைப்பு. ஓபன்சீ வெளியிட்டுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் தொகுப்பு முழுமைக்கும் பிட் வைக்கத் தனிச் செயற்கூறு இருக்கிறது. புதிய விற்பனைப் பட்டியல்களும் பிட்களும் வரும்போது உடனுக்குடன் தகவல் தரும் ஸ்ட்ரீம் ஏபிஐ இருக்கிறது. நொடிக்கொரு முறை சர்வரைத் தட்டிக்கொண்டிராமல் இதைக் கேட்டுக்கொண்டிருங்கள். தட்டினால் வரம்பு தாண்டிவிட்டது என்று 429 பிழை வந்து நிற்கும், சரியாக நீங்கள் பிட்டை மாற்ற வேண்டிய நேரத்தில். பிரைவேட் கீ நிரலுக்குள் இருக்கக் கூடாது, தனிக் கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பு நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பக்கமே போகக் கூடாது. வெத்துக்கு அனுமதி கொடுக்கும்போது வரம்பில்லா அனுமதி கேட்கும், நீங்கள் வேண்டிய தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இதெல்லாம் ஒரு மாலை வேலை. பிட்டைத் திரும்பப் பெறுவதுதான் பெரிய வேலை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

இரவுக்கழுகு எழுதியது:

நரியார் பயமுறுத்துகிறார். நான் இதை 2023 தொடக்கத்திலிருந்து ஓட்டுகிறேன். என் விதி ஒரே வரி: முதலிடத்தில் இருக்கும் பிட்டோடு 0.0001 கூட்டு, ஃப்ளோர் விலையில் (விற்பனைக்கு உள்ளவற்றில் மிகக் குறைந்த விலை) 88 சதவீதம் வந்ததும் நின்றுவிடு. இதற்கு மேல் மூளையைக் கசக்க ஒன்றுமில்லை. பலிக்காத பிட்டால் யாருக்கு என்ன லாபம்? முதலிடத்தில் இருப்பவனுக்குத்தான் சரக்கு வரும்.

விற்பனைக்குப் பட்டியலிட்டதை முந்திப் பிடிக்கும் பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பணக்காரர் ஆட்டம். 2021 டிசம்பரில் ஒருவர் 75 ஈதர் என்று அடிக்க வேண்டியதை 0.75 என்று அடித்துப் போர்டு ஏப் என்ற புகழ்பெற்ற தொகுப்பின் என்எஃப்டி ஒன்றைப் பட்டியலிட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பாட் வாங்கிவிட்டது. முந்திக்கொள்வதற்கு அது கேஸ் கட்டணமாக மட்டும் 8 ஈதர் கட்டியது. பிட் ஆட்டத்தில் அந்தப் போட்டி கிடையாது, கேஸ் விற்பவர் தலையில். சின்ன முதலுக்கு இதுதான் ஏற்றது.

பனங்காட்டு நரி எழுதியது:

கழுகாரே, பட்டியல் பாட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. உங்கள் ஒருவரி விதிதான் எனக்கு உறுத்துகிறது. அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன, முதலிட பிட்டும் ஃப்ளோர் விலையும். இரண்டையும் அடுத்தவர் உண்டாக்கலாம்.

ஒரு தொகுப்பின் ஃப்ளோர் 1.00 என்று வையுங்கள். மேலே 0.80இல் உங்கள் பாட்டும் இன்னொரு பாட்டும் மோதிக்கொண்டிருக்கின்றன. கையில் பத்து உருப்படி வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். 0.87க்கு ஒரு தொகுப்பு பிட் போடுகிறார். உங்கள் பாட் 0.8701 போடும், மற்றது 0.8702. இரண்டும் மேலே வந்து நின்றதும் அவர் தன் பிட்டை விட்டுவிட்டு, இருவருக்கும் சரக்கைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சில நொடிகளில் வேறு யாராவது அவர் தலையில் ஒன்றைக் கட்டக்கூடும். அவருக்கு உள்ள ஆபத்து அது மட்டுமே. அதையும் குறைக்க, தொகுப்பு பிட் போடாமல் ஒரு குறிப்பிட்ட பண்புக்கு மட்டும் போடுவார்கள். தங்கநிறத் தோல் உடையவை மூன்றே மூன்று, மூன்றும் அவரிடமே என்றால் அவர் பிட்டுக்கு விற்க உலகில் ஆளே இல்லை. உங்கள் பாட் பண்பு பிட்களையும் துரத்துமானால் அந்த மூன்றையும் நீங்கள் வாங்கப்போகிறீர்கள்.

ஃப்ளோர் கதையும் அதேதான். பட்டியலில் அடிமட்டத்தில் நான்கே உருப்படிகள், அடுத்தது 1.30இல் என்றால், நான்கையும் வாங்கிப்போட்டால் ஃப்ளோர் 1.30. உங்கள் 88 சதவீதம் 1.14 ஆகிவிட்டது. ஒன்றுக்கு வாங்கியதை அவர் உங்களிடமே 1.14க்கு விற்பார்.

நான் வைக்கும் உச்சவரம்பு மூன்றில் எது குறைவோ அது: நானே உட்கார்ந்து கையால் எழுதிய தொகை, கடந்த சில நாள் உண்மை விற்பனைகளின் நடுவெண்ணில் ஒரு விழுக்காடு, ஃப்ளோரில் ஒரு விழுக்காடு. முதல் எண்ணை நிரல் தொடவே கூடாது. போட்டியாளரின் பிட்டைப் பார்த்து ஏறுவது தவறில்லை, ஆனால் அவர் வாலட்டில் அவ்வளவு வெத் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, அவர் முகவரி உங்களுடையதே இல்லையா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம். இரண்டு வாலட்டில் இரண்டு பாட் ஓட்டி, இரவெல்லாம் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு உச்சவரம்பில் போய் நின்ற கதை எனக்குத் தெரிந்து உண்டு.

வெள்ளாற்றுக்காரன் எழுதியது:

நரியாரே, நன்றி. ஒரு சந்தேகம். விலை இறங்குகிறது என்று தெரிந்தால் பாட் உடனே எல்லா பிட்களையும் ரத்து செய்துவிடும்படி எழுதிவிட்டால் போதாதா?

பனங்காட்டு நரி எழுதியது:

அதைத்தான் தனியாக எழுதுகிறேன் என்றேன்.

கையொப்பம் உங்கள் கையை விட்டுப் போன பொருள். சர்வரிலிருந்து நீக்கினாலும், அதன் நகலை வைத்திருப்பவர் சங்கிலியில் ஏற்றலாம். 2022 ஜனவரியில் நடந்தது விற்பனைப் பக்கத்தில் இதே விஷயம். ரத்துக் கட்டணத்துக்கு யோசித்து, என்எஃப்டியை வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய பட்டியல் போய்விடும் என்று பலர் நம்பினார்கள். பட்டியல் திரையிலிருந்து மறைந்தது, கையொப்பம் மறையவில்லை. பொருள் பழைய வாலட்டுக்குத் திரும்பியதும் பழைய விலை உயிர்பெற்றது. அந்த அலையில்தான் போர்டு ஏப் 9991ஆம் எண் 0.77 ஈதருக்குப் போய், சற்று நேரத்தில் 84.2 ஈதருக்குக் கைமாறியது. இழந்தவர்கள் பலருக்கு ஓபன்சீ பிறகு ஈடு கொடுத்தது. பிட் வைத்துப் பணம் போனால் அப்படி யாரும் தர மாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் கேட்ட விலைக்குத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, சங்கிலியிலேயே ரத்து. உறுதியானது, ஆனால் கேஸ் ஆகும், அதுவும் சந்தை சரியும் நேரத்தில் கேஸ் ஏறியிருக்கும். சீபோர்ட்டில் உங்கள் முகவரிக்கு ஓர் எண்ணி இருக்கிறது. அதை ஒரு பரிவர்த்தனையில் ஏற்றினால் அதுவரை கையெழுத்திட்ட எல்லாமே ஒரே அடியில் செல்லாது. பிட்களை ஒவ்வொன்றாக ரத்து செய்வதைவிட இது மலிவு. இரண்டு, ஓபன்சீ தரும் கேஸ் இல்லாத ரத்து. அந்த வகை பிட் நிறைவேற ஓபன்சீயின் கையொப்பமும் வேண்டும், ரத்து செய்தால் அதைத் தர மறுத்துவிடும். ஏற்கெனவே ஒரு விற்பனையாளருக்குத் தந்திருந்தால் உங்கள் ரத்து பிந்திவிட்டது. மூன்று, குறுகிய ஆயுள். அரைமணியில் தானாகச் சாகும் பிட்டை வைத்து, சாகும் முன் புதிதாகப் போடுவது. மின்சாரம் போனாலும், சர்வர் விழுந்தாலும், நீங்கள் பேருந்தில் தூங்கினாலும் அது செத்துவிடும். முப்பது நாள் பிட் வைத்துவிட்டுப் பாட்டை அணைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிரல் எழுதி வையுங்கள். பாட் ஐந்து நிமிடம் உயிர்க்குறி காட்டவில்லை என்றால், அல்லது ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் பலித்தால், அந்த எண்ணியை ஏற்றிவிட்டு உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கென்று வாலட்டில் கொஞ்சம் ஈதர் இருக்கட்டும். வெத் மட்டும் வைத்திருந்தால் ரத்து செய்யக் கேஸ் இருக்காது.

இரவுக்கழுகு எழுதியது:

எண்ணி விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் பிளர் என்ற இன்னொரு சந்தையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே பிட்டுக்கு வேறு கணக்கு. 2022 அக்டோபரில் வந்தார்கள், 2023 பிப்ரவரி 14 அன்று டோக்கன் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பிட் வைத்தாலே, அடுத்த டோக்கன் பங்கீட்டுக்கான புள்ளி என்றார்கள். ஃப்ளோருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு புள்ளி. வாங்குவதற்காக பிட் வைத்தவர்களைவிட, பலிக்காமல் நெருங்கி நின்று புள்ளி சேர்க்க வைத்தவர்கள்தான் அதிகம். நானும் அதில் இருந்தேன், மறைக்கவில்லை. உங்கள் பாணியில் கையால் எழுதிய உச்சவரம்பு வைத்திருந்தால் எனக்கு ஒரு புள்ளியும் வந்திருக்காது.

பனங்காட்டு நரி எழுதியது:

அந்த மாதமே கடைசி வாரத்தில், பெயர்பெற்ற ஒரு பெருமுதலாளி இரண்டு நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்எஃப்டிகளை அந்த பிட் குவியலின் மேல் கொட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெருங்கி நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். புள்ளிக்கு ஓட்டுவதென்றால் அது வேறு தொழில். டோக்கனின் எதிர்கால விலையை ஊகித்து அதற்கு விலையாக இந்த ஆபத்தை ஏற்கிறீர்கள். அந்தக் கணக்கைத் தனியே போடுங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பிளரில் பிட்டுக்கான பணம் அவர்களுடைய தனிக் குளத்தில் இருக்க வேண்டும், உங்கள் வெத் அங்கே உதவாது. இரண்டு இடத்திலும் ஒரே தொகுப்புக்குக் கேட்டால் இரண்டும் பலிக்கும், இரண்டுக்கும் பணம் இருப்பதால்.

சாரல் எழுதியது:

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் ஓவியம் வரைந்து விற்பவள். ஒவ்வொன்றும் ஒரே பிரதி. உங்கள் பாட்கள் என் பெட்டிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே அளவு, ஒரே இடைவெளி, நள்ளிரவு மூன்று மணிக்கும் பிட். ஃப்ளோர் என்று ஒன்று இல்லாத இடத்தில் ஃப்ளோரில் பாதி கேட்டால் என்ன அர்த்தம்? இப்போது குறைந்தபட்சத் தொகை வைத்து அதற்குக் கீழ் வருவதை மறைத்துவிட்டேன். ஒற்றைப் பிரதிக் கலைக்கு பாட் வேண்டாம், ஓவியருக்கு ஒரு செய்தி அனுப்பி விலை கேளுங்கள். வேலை முடிந்துவிடும்.

ஃபவுண்டேஷன் போன்ற கலைச் சந்தைகளின் ஏலங்களில் பாட் வைத்துக் கடைசி நொடியில் தட்டிக்கொண்டு போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். அத்தகைய ஏலங்களில் கடைசி நிமிடங்களில் யார் கேட்டாலும் நேரம் மறுபடி கூடும்.

விற்பவர்கள் பயப்படும் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் அது உதவும். 2022 மார்ச்சில் ஒருவர் தன் போர்டு ஏப்பை 115க்கு விற்றார். 115 ஈதர் இல்லை, 115 டாய். அதாவது 115 டாலர். எண்ணைப் பார்த்தார், நாணயத்தைப் பார்க்கவில்லை. உங்கள் பாட் முதலிட பிட்டை வாசிக்கும்போது எந்த டோக்கன் என்று பார்க்கிறதா?

பனங்காட்டு நரி எழுதியது:

சாரல் அம்மா சொன்னதை நிரலில் முதல் வரியாகவே எழுதலாம். டோக்கனின் ஒப்பந்த முகவரி வெத்துடையதா என்று பார்க்க வேண்டும், பெயரைப் பார்த்தால் போதாது, பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். தசம இடங்களும் வேறு: வெத்துக்கும் டாய்க்கும் 18, யுஎஸ்டிசி என்ற டாலர் டோக்கனுக்கு 6. ஒன்றுக்கான வகுத்தலை மற்றொன்றுக்குப் போட்டால் எண் தலைகீழாகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இளைஞர்கள் தொழில்நுட்பம் பேசுவதை மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவில் இருந்துகொண்டு ஓட்டுபவர்களுக்கு மட்டும் இது.

2022 பட்ஜெட்டில் 115பிபிஎச் பிரிவாக வந்த விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெய்நிகர் டிஜிட்டல் சொத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் மிகைவரியும் செஸ்ஸும். தெரியாதது என்னவென்றால், வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் செலவாகக் கழிக்க முடியாது. உங்கள் சர்வர் வாடகை, ஏபிஐ சந்தா எதுவும் கணக்கில் வராது. ஒன்றின் நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

பாட்டுக்கு இது எப்படி வலிக்கும் என்று பாருங்கள். ஓர் ஆண்டில் பலித்த பிட்களில் சிலவற்றை விற்று மொத்தம் ஒரு லட்சம் லாபம், மற்றவற்றில் மொத்தம் எண்பதாயிரம் நட்டம். கையில் மிச்சம் இருபதாயிரம். வரி முப்பதாயிரம், செஸ் சேர்த்தால் 31,200. நிறைய வாங்கி நிறைய விற்று சிறு லாபத்தில் பிழைக்கும் எந்த முறைக்கும் இந்தச் சட்டம் எமன்.

இன்னும் ஒன்று. பிட் பலிக்கும்போது நீங்கள் வாங்குகிறீர்கள் என்று மட்டும் நினைக்கிறீர்கள். வெத்தும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துதான். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதால் வெத்தை விற்றதாகவும் ஆகிறது. அது வாங்கிய நாளைவிட ரூபாயில் ஏறியிருந்தால் அந்த ஏற்றத்துக்கும் வரி உண்டு. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத வரிப் பிடித்தமும் (டிடிஎஸ்) இருக்கிறது. ஆகவே தம்பி, உங்கள் பாட் ஒவ்வொரு பலித்த பிட்டுக்கும் நாள், நேரம், பரிவர்த்தனை எண், அந்நேர ரூபாய் மதிப்பு ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் எழுதட்டும். மார்ச் மாதத்தில் சங்கிலியைத் தோண்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களுக்குக் கட்டணம் இரட்டிப்பு.

வெள்ளாற்றுக்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, அந்தக் கடைசி வரிக்காகவே கோப்பை இன்றே எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் வைத்திருக்கும் திட்டம்: ஆறு தொகுப்புகள் வேண்டாம், எனக்கு உண்மையில் வைத்துக்கொள்ளப் பிடித்த இரண்டு மட்டும். புது வாலட், 0.6 வெத், கேஸுக்குக் கொஞ்சம் ஈதர். ஒரு தொகுப்புக்கு ஒரே பிட், எண்ணிக்கை ஒன்று, ஆயுள் அரைமணி. பண்பு பிட்களைத் துரத்துவது இல்லை. உச்சவரம்பைக் கையால் எழுதி வாரம் ஒருமுறை மாற்றுவேன். ஒன்று பலித்தால் அந்தத் தொகுப்பில் 24 மணி நேரம் நிறுத்தம். கண்காணிக்கும் சின்ன நிரலை அதே கணினியில் இன்னொரு சாளரத்தில் ஓட்டலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பனங்காட்டு நரி எழுதியது:

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. கணினி நின்றால் பாட்டும் காவலும் சேர்ந்தே நிற்கும். காவல் நிரல் வேறு இடத்தில், வேறு இணைய இணைப்பில் இருக்கட்டும். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று போதும். எண்ணியை ஏற்ற அதற்கும் அதே பிரைவேட் கீ தேவைப்படும் என்பதால், அந்தப் போனில் வேறு செயலி எதுவும் வேண்டாம். முதல் வாரம் கையெழுத்திடும் வரியை மூடிவிட்டு, என்ன பிட் வைத்திருப்பாய் என்று மட்டும் எழுதச் சொல்லி ஓட்டுங்கள். அந்தப் பதிவேட்டை இங்கே போட்டால் பார்க்கிறேன்.

இரவுக்கழுகு எழுதியது:

என்னுடையதிலும் முப்பது நாள் ஆயுள்தான் இருந்தது. இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். நரியாரே, எண்ணியை ஏற்றிய பிறகு பழைய எண்ணோடு கையெழுத்திட்ட பிட்டை நிரல் மறுபடி அனுப்பினால் ஓபன்சீ ஏற்றுக்கொள்ளுமா?

பனங்காட்டு நரி எழுதியது:

ஏற்றுக்கொண்டாலும் பயனில்லை, சங்கிலியில் அது நிறைவேறாது. ஒவ்வொரு கையொப்பத்துக்கு முன்பும் எண்ணியைச் சங்கிலியிலிருந்து புதிதாக வாசியுங்கள், நினைவில் வைத்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

நெறியாளர் எழுதியது:

வரி பற்றிய கேள்விகள் தனிமடலில் குவிகின்றன. கணக்குப்பிள்ளை ஐயா சம்மதித்திருப்பதால் அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே நிரல் பேச்சு தொடரட்டும்.